கயிறு ஆபீஸ் பெட்டி மாறிய கதை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கயிறு ஆபீஸ். வேலை பார்த்தவர்கள் நாலு பேர். நாலு பேருமே சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். கெட்டிக்காரத்தனம் என்கிற கெட்ட பழக்கம் ஒருவரிடமும் கிடையாது.

அவர்களில் திருமூர்த்தி அன்று காலை பெரிய காரியம் ஒன்று செய்திருந்தான். பக்கத்து மேசைப் பூங்கொடிக்கு, 'ஆயுசு முழுக்க உங்களோடு சேர்ந்திருக்க ஆசை. சம்மதமா?' என்று மெயில் அனுப்பிவிட்டான். திரும்பி நேரிலேயே கேட்டிருக்கலாம், தைரியம் வரவில்லை. பதில் வரும்வரை அவன் டீயைக் கூடத் தொடவில்லை.

அவள் அதைத் திறப்பதற்குள் கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர்காரப் பெண் பர்வீன் போன் செய்தாள்.

"எல்லாரோட மெயில் பெட்டியையும் புது சர்வருக்கு மாத்தப்போறேன். அதுவரைக்கும் பழைய சர்வர் டவுன் ஆகக்கூடாது."

மேனேஜர் நஞ்சப்பன் உடனே பழைய சர்வரைப் பீரோ மேல் ஏற்றினார். கணக்கர் மயில்சாமி ஸ்டூலில் ஏறி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேல உசத்தணும்னா மொட்டை மாடிதானுங்க" என்றார்.

மத்தியானம் மறுபடி போன். "பெட்டியெல்லாம் மாத்தியாச்சு. இனி எல்லாரும் பாஸ்வேர்டை மாத்திக்கோங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மயில்சாமி ஸ்டூலை விட்டு இறங்கினார். "சொல்லாம எப்படிங்க ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்கறது?"

நஞ்சப்பன் கண்ணை மூடி யோசித்தார். "சொல்லக்கூடாதுன்னுதான சொல்லுச்சு. எழுதக்கூடாதுன்னு சொல்லலையே."

ஆளுக்கொரு சீட்டு எழுதி வலப்பக்கம் நீட்டினார்கள். திருமூர்த்தியின் சீட்டு பூங்கொடிக்கு வந்தது.

"என் பேரை எழுதிட்டு பாஸ்வேர்டை எழுத மறந்துட்டீங்களே?"

"அதேதானுங்க பாஸ்வேர்டு."

"பரவால்லீங்க, எனக்கு மறக்காது" என்றாள் அவள்.

பூங்கொடியின் பெட்டி மயில்சாமிக்குப் போனது. திறந்ததும் திருமூர்த்தியின் மெயில். அனுப்பியவர் பேரைப் பார்க்காமலே, ஆயுசு முழுக்கக் கயிறு வாங்கப்போகிற வாடிக்கையாளர் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். வருகிற ஆர்டரை மறுக்காதே என்பது மேனேஜர் உத்தரவு. 'சம்மதம். வெள்ளிக்கிழமை லாரி அனுப்பவும்' என்று தட்டிவிட்டார்.

பதில் திருமூர்த்தியின் பெட்டிக்கு வந்தது. அதைத் திறந்தவள் பூங்கொடி. பதிலுக்குக் கீழேயே அவன் கேட்ட கேள்வியும் இருந்தது.

"ஏனுங்க, உங்களைக் கட்டிக்க நான் சம்மதம்னு எழுதியிருக்கறனுங்க."

திருமூர்த்தி நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான். "நெசமாவா? எப்ப எழுதுனீங்க?"

"எழுதுன ஞாபகமே இல்லீங்க. ஆனா மனசுல நெனைச்சதைத்தான் எழுதியிருக்கேன். லாரிதான் எதுக்குன்னு தெரியல, எங்க வீட்டுல அவ்வளவு சாமான் கிடையாதுங்க."

திருமூர்த்தி அன்றைக்கு ஆறு டீ குடித்தான். அவ்வளவு ஆனந்தம்.

விஷயம் தெரிந்து பர்வீன் தலையில் அடித்துக்கொண்டாள். "மாத்திக்கோங்கன்னா ஒருத்தருக்கொருத்தர் இல்லீங்க. அவங்கவங்க பழசை எடுத்துட்டு, அவங்கவங்களே புதுசு போட்டுக்கணும்." நஞ்சப்பன் அதை மூன்று பேரையும் மனப்பாடம் செய்ய வைத்தார்.

கல்யாண நாளும் வந்தது. மேளக்காரர்கள் தயாராக நின்றார்கள். ஐயர், "ரெண்டு பேரும் மாலையை மாத்திக்கோங்க" என்றார்.

திருமூர்த்தி தன் மாலையைக் கழற்றிக் கீழே வைத்தான். பூங்கொடியும் கழற்றி வைத்தாள். நஞ்சப்பன் பையிலிருந்து புது மாலை இரண்டை எடுத்து நீட்ட, அவரவர் கழுத்தில் அவரவரே போட்டுக்கொண்டார்கள்.

வாயைப் பிளந்து நின்ற ஐயரிடம் நஞ்சப்பன் தணிந்த குரலில், "ஒருக்கா தப்பாச் செஞ்சு பட்டுட்டமுங்க சாமி" என்றார்.