தோண்டாமல் காட்டிய குழி

நாலுவழிச் சாலை போடுமுன், மண்ணுக்குள் பழசு ஏதும் இருக்கிறதா என்று தொல்லியல் ஆய்வு நடந்தது. கெடு முடிந்த அன்று திட்ட அதிகாரி கனகசபாபதி வந்து, சுரண்டிச் சமமாக்கிய தரையின் நடுவில் நின்றுகொண்டார்.

"வெறும் மண்ணுன்னு எழுதிக் கொடுங்க. இனி ஒரு மண்வெட்டி விழக் கூடாது" என்றார் ஆய்வாளரிடம்.

ஆய்வாளர் தயங்கினார். "உள்ள முதுமக்கள் தாழி இருக்குய்யா" என்றாள் மண் அள்ளும் கூலிக்காரி ஒச்சம்மா.

"அப்படியா? தோண்டாமலே காட்டு, பார்ப்போம்."

ஒச்சம்மா தண்ணீர்க் குடத்தை எடுத்து, வாசல் தெளிப்பதுபோல் தரையெங்கும் தெளித்தாள். அதிகாரி சிரித்தார். சித்திரை வெயிலில் கால்மணி நேரத்தில் தரை வெளுத்தது. ஒரு வட்டம் மட்டும் ஈரம் மாறாமல் கறுத்துக் கிடந்தது. அதன் நடுவில் அதிகாரியின் பூட்ஸ்.

"வெட்டி மூடுன மண்ணு சீக்கிரம் காயாதுய்யா. யாரையோ புதைச்ச குழி. பூட்ஸைக் கழட்டுங்க."

கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுடும் மண்ணில் தத்தித் தத்தி வெளியே வந்தவர், ஆய்வுக்கு இன்னும் ஒரு மாதம் எழுதிக் கொடுத்தார்.

"உனக்கு எப்படித் தெரியும் இது?" என்றார் அதிகாரி.

ஒச்சம்மா பக்கத்தில் ஓடிய பழைய தார்ச்சாலையைப் பார்த்தாள். "எங்கம்மாவைப் புதைச்ச இடத்துல தினமும் தண்ணி தெளிப்பேன்யா, அது மேல இந்த ரோடு போடுற வரைக்கும். இப்பவும் மழை விட்டா, எந்த இடம் கடைசியாக் காயுதுன்னு பார்த்துக்கிட்டேதான் நடப்பேன். தாரு எல்லா இடமும் ஒண்ணாக் காஞ்சிருது."