எந்த வீட்டிலும் இல்லாத கலர்

தூத்துக்குடியில் இந்தக் கதையைச் சொல்வார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

கப்பல் ஏஜென்சி முதலாளி ரொட்ரிகோ தன் கையாலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதன் மரப்பெட்டிக்கு பாலிஷ் போட சந்தியாகு வந்தான். அவன் காட்டிய கலரையெல்லாம், "இது டாக்டர் வீட்ல இருக்கு, அது வக்கீல் வீட்ல இருக்கு" என்று தள்ளினார்.

"ஊர்ல எந்த வீட்லயும் இல்லாத கலர் வேணும். இல்லேன்னா இனி இந்த ஊர்ல உனக்கு வேலையே கிடையாது."

சந்தியாகு தலையாட்டினான். "ஒண்ணு இருக்கு சார். போட்டுத் தாரேன்."

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். பெட்டி கருஞ்சிவப்பில் மின்னியது. இரண்டு பக்கமும் சந்தியாகு பொருத்திய பளபளப்பான பித்தளைக் கைப்பிடிகள்.

"இத்தாலி பாலிஷ்" என்றார் ரொட்ரிகோ.

டாக்டரின் மனைவி கைப்பிடியைத் தொட்டுப் பார்த்து அழ ஆரம்பித்தாள். "எங்க அப்பாவை இப்படி ஒரு பெட்டியிலதான் தூக்கிட்டுப் போனாங்க."

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ரொட்ரிகோ ஆளனுப்பி சந்தியாகுவை வரவழைத்தார்.

"சவப்பெட்டிக்கு அடிக்கிற பாலிஷையாடா அடிச்ச?"

"நீங்க கேட்டதுதான் சார். இந்தக் கலர் எந்த வீட்லயும் ஒரு நாளைக்கு மேல இருந்ததில்ல. உங்க வீட்லதான் தங்க வந்திருக்கு."