நகராத மருதமரம்

நொச்சிக்காட்டில் ஓடிய ஆறு சில வருஷங்களாகச் சரியில்லை. ஆழமான மடுக்கள் தூர்ந்துகொண்டே வந்தன. கோடையில் மீன் அருகிப்போயிற்று. கயலி என்ற நீர்நாய் சிங்கராஜாவிடம் போய் முறையிட்டது. அந்த ஆற்றை விட்டால் அதற்குப் பிழைக்க வேறு இடம் கிடையாது.

சிங்கம் நல்ல ராஜாதான். மிருகங்கள் வரியாகக் கொடுத்த கிழங்கும் பழமும் குவிந்திருந்த களஞ்சியத்தைத் திறந்துவிட்டது. வேலை செய்பவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு ஆற்றைச் சீராக்கச் சொல்லி, பொறுப்பை மந்திரி நரியிடம் ஒப்படைத்தது.

நரி திருடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இந்த நரி ஒரு கிழங்கைக்கூடத் தொடவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திருடியிருந்தால் யாராவது பிடித்திருப்பார்கள். இதற்கு இருந்தது வேறு ஆசை: ராஜா பார்த்ததும் சபாஷ் போட வேண்டும்.

ஆறு தேறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? திட்டம் போடும்போதே இந்தப் பேச்சு வந்தது. மயில் முந்திக்கொண்டது. கரையில் நின்று குனிந்தால் தன் தோகை தண்ணீரில் பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றது. எல்லாம் தலையாட்டின. கோடையில் தண்ணீர் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா என்று கயலி கேட்டது. அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நரி அதன் வாயை அடைத்துவிட்டது.

யானைகள் இறங்கின. வளைந்து போகும் ஆறு அவலட்சணம் என்று நரி சொன்னதால், வளைவுகளை வெட்டி நேராக்கின. ஆற்றுக்குள் விழுந்து கிடந்த மரங்களைக் குப்பை என்று இழுத்துக் கரையில் போட்டன. மேடு பள்ளமாக இருந்த மணலை மிதித்துச் சமமாக்கின. கிழட்டு மருதமரம் ஒன்றுதான் அசையவில்லை. குறுக்கே விழுந்து மணலில் ஆழப் புதைந்திருந்த அதை யானைகள் எல்லாம் சேர்ந்து இழுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. நரிக்கு மானம் போனது போல இருந்தது. ராஜா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று கொடிகளை வெட்டிப் போட்டு அந்த இடத்தையே மூடிவிட்டது.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் ராஜா பார்வையிட வந்தது. மயில் குனிந்தது, தோகை தெரிந்தது. நரிக்கு மாலை விழுந்தது.

கயலியால் சந்தோஷப்பட முடியவில்லை. அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. முன்பெல்லாம் வெள்ளம் வளைவில் சுற்றி, மரத்தில் முட்டி, மெல்லத்தான் வடியும். இப்போதோ வந்த தண்ணீர் வந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஓடினால் கோடைக்கு என்ன மிஞ்சும்? கயலி உடனே நரியிடம் ஓடியது.

"மந்திரியாரே, என் குட்டிகள் நீந்தப் பழகும்போது சித்திரை வந்துவிடும். அப்போது ஒரு தடவை வந்து பாருங்கள்."

"அதான் பார்த்தாகிவிட்டதே அம்மா. ராஜாவே நல்லாயிருக்கு என்று சொன்ன ஆற்றில் நீ குறை கண்டுபிடிக்கிறாயா?"

கயலி ஆற்றங்கரையில் இருந்த தன் வளைக்குத் திரும்பியது. தை மாதம் இரண்டு குட்டிகள் பிறந்தன. குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின, தாய்க்குத் தூக்கமில்லை. ஆற்றின் சத்தம் நாளுக்கு நாள் குறைவதையே கேட்டுக்கொண்டு கிடந்தது. சித்திரையில் வளைக்கு முன்னால் வெறும் மணல்தான் இருந்தது. கயலிக்குப் பால் வற்றிவிட்டது. சின்னக் குட்டி தலையைத் தூக்கவே இல்லை.

கயலி அதை வாயில் கவ்விக்கொண்டு, பெரிய குட்டியைப் பின்னால் வரச் சொல்லிக் கொதிக்கும் மணலில் நடந்தது. ஒதுங்க ஒரு பள்ளம்கூட இல்லை, எல்லாவற்றையும்தான் சமமாக்கியாயிற்றே. கடைசியில் காய்ந்த கொடிகளுக்கு அடியிலிருந்து ஈரவாசனை வந்தது. உள்ளே நுழைந்தால் மருதமரம், அதன் அடியில் வெள்ளம் முட்டி முட்டித் தோண்டிய ஆழமான மடு. மீன்கள்கூட இருந்தன. கயலி சின்னக் குட்டியைத் தண்ணீரில் விட்டது. குட்டி மூழ்கியது. பிறகு சின்ன மூக்கு ஒன்று மேலே வந்தது. கயலி அழுதேவிட்டது.

பின்னால் கொடிகள் விலகின. நாக்குத் தொங்கச் சிங்கம் வந்தது. அதன் பின்னால் யானைகள், மயில், நரி. எல்லாம் மூச்சு விடாமல் குடித்தன. தாகம் அடங்கியதும் சிங்கம் நரியைப் பெருமையோடு பார்த்தது.

"இவ்வளவு நல்ல இடத்தை எனக்குக் காட்டவே இல்லையே! இதை எப்போது செய்தாய்?"

நரி யானைகளுக்குப் பின்னால் நகர்ந்தது. கயலி குட்டிகளை மறைத்து நின்றபடி பதில் சொன்னது.

"இது நீங்கள் செய்யாமல் விட்ட இடம், அரசே."

சிங்கம் கொடிகளை விலக்கிக் கரையில் கிடந்த மரங்களைப் பார்த்தது. பிறகு, இழுத்துப் போட்ட மரங்களை மறுபடி ஆற்றில் போடச் சொன்னது. இனி எந்த வேலையையும் சித்திரையில்தான் பார்வையிடுவேன் என்றது. ஆனால் மரத்தைப் போட்டதும் மடு வந்துவிடுமா? அதற்குப் பல மழைக்காலம் ஆகும். அதுவரை காடு முழுவதும் அந்த ஒரு மடுவையே நம்பி இருந்தது. நாளைக்கும் தண்ணீர் இருக்குமா என்று கயலி தினமும் பயந்துகொண்டே குட்டிகளை வளர்த்தது.

ஒரு வேலை யாருக்காகச் செய்யப்பட்டதோ, அவர்களுக்கு அது தேவைப்படும் நாளில் போய்ப் பார்த்த பிறகே அதை நல்ல வேலை என்று சொல்ல வேண்டும்.