கரிச்சானின் இடியும் முள்ளம்பன்றியின் சலசலப்பும்

குளிர்முடி மலையில் ஒரு கரிச்சான் குருவி இருந்தாள். பெயர் காரி. அவளுக்கு வராத குரல் அந்த மலையில் இல்லை. தவளையாகக் கத்துவாள்; மயிலாக அகவுவாள். எல்லாவற்றுக்கும் மேலாக, இடி இடிப்பாள். அத்தனை சிறிய தொண்டையிலிருந்து அத்தனை பெரிய இடி எப்படி வருகிறதென்று யானைகளே அண்ணாந்து பார்க்கும்.

அதே மலையில் கரடி பூதத்தார் ஒரு மழைக்குகை நடத்திவந்தார். காடு காய்ந்து சருகு நொறுங்கும் கோடையில், விலங்குகள் பன்னிரண்டு பன்னிரண்டாக ஒரு வாசல் வழியே அந்த இருட்டுக் குகைக்குள் நுழைந்து, மறு வாசல் வழியே வெளியேறும். அதற்குள் ஒரு மழைக்காலத்தையே வாழ்ந்துவிடும். மின்மினிகள் மின்னலடிக்கும். வௌவால்கள் சிறகடித்துக் காற்று வீசும். மேலே உள்ள சுனையிலிருந்து குரங்குகள் கூரைப் பொத்தல் வழியாக நீர் தெளிக்கும். காரி உயரத்தில் ஒரு கல்மாடத்தில் அமர்ந்து இடியாகவும் தவளையாகவும் மாறி மாறி ஒலிப்பாள். மழை வந்துவிட்டதென்று கிழ முயல்கள் கண்ணீர் விடும்.

ஆனால் வெளியே வந்ததும் அவை காரியைத் தேடுவதில்லை. சிலம்பாயியைத் தேடும்.

சிலம்பாயி ஒரு முள்ளம்பன்றி. வருவோரை உள்ளே அழைத்துப் போவது அவள் வேலை. வாசலில் ஒவ்வொருவரிடமும் நின்று பேசுவாள். "என்ன முயலண்ணே, போன தடவை காதுக்குள்ள தண்ணி போச்சுன்னீங்களே, சரியாயிடுச்சா? இன்னைக்கு நடுவுல நடங்க." பிறகு, "என் முள்ளுக்கு ஒரு முழம் தள்ளியே வாங்க, சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வாங்க" என்று சொல்லி, வால் முட்களைச் சலசலவென்று குலுக்கியபடி முன்னே நடப்பாள். இடப்பக்க வளைவு வந்ததும், எல்லாரும் கடக்கும் வரை அங்கேயே நிற்பாள். ஏன் அங்கே நிற்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வெளியே வந்த விலங்குகள் அவளுக்குக் கிழங்கு கொண்டுவந்து கொடுக்கும். கட்டிப்பிடிக்க முடியாத உடம்பாதலால், மான்குட்டிகள் எட்ட நின்றே அவள் மூக்கை முகரும்.

காரி மாடத்திலிருந்த பாறைப் பிளவு வழியே இதையெல்லாம் பார்ப்பாள். வயிறு எரியும்.

"இடி இடிக்கிறவ நான். கிழங்கு திங்கிறவ அவளா?" என்று பக்கத்தில் தொங்கும் வௌவாலிடம் கேட்டாள்.

"உனக்குத்தான் கிழங்கு பிடிக்காதே" என்றது வௌவால்.

"பேச்சு கிழங்கைப் பத்தி இல்லை."

"தெரியுது" என்று வௌவால் கண்ணை மூடிக்கொண்டது.

காரிக்கு இன்னொரு குறையும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளில் பூதத்தார், "முள்ளுச் சத்தம் ரெண்டு தடவை வேகமா கேட்டா, நீ நிறுத்திடணும்" என்று சொல்லியிருந்தார். மற்றவர்களுக்கும் அதே கட்டளைதான். மின்மினிகள் ஒளி குறைக்கும். குரங்குகள் நீரை நிறுத்தும். ஆனால் காரி அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டாள். முள்ளம்பன்றி பெரியவள், அவள் குலுக்கும்போது மற்றவர் வாய்மூடி மரியாதை காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். தன் இடி உச்சிக்கு ஏறும் வேளையிலெல்லாம் அந்தச் சலசலப்பு குறுக்கே வரும். ஒரு நாளாவது முழு இடியை இடித்துவிட வேண்டும் என்ற ஏக்கம் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

ஒருநாள் அவள் பூதத்தாரிடம் போனாள்.

"ஐயா, குகைக்கு உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல். நடுவுல வழிகாட்ட ஒருத்தி எதுக்கு? அவ செய்யிறது என்ன? வாசல்ல ஊர்வம்பு. உள்ளே நடை."

பூதத்தார் முதுகைப் பாறையில் சொறிந்துகொண்டார். "ஏதோ செய்யிறா. என்னன்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியல. ஆனா இதுவரைக்கும் ஒரு புகாரும் வந்ததில்லையே?"

காரிக்கு அது போதும். மறுநாள் பூதத்தார் தேனடையோடு உட்கார்ந்திருந்தபோது, புதருக்குப் பின்னிருந்து ஒரு முயலின் குரல் வந்தது. "குத்துது ஐயா, குத்துது. அந்த முள்ளுக்காரி பக்கத்துல நடக்கவே முடியல." அடுத்த நாள் ஒரு கீரியின் குரல். அதற்கடுத்த நாள் ஒரு மானின் குரல். பூதத்தார் எழுந்து புதரை விலக்கிப் பார்க்கவில்லை. தேன் தின்னும்போது அவர் எழுந்திருப்பதில்லை.

நான்காம் நாள் சிலம்பாயியை அழைத்தார். "உன் முள்ளு குத்துதுன்னு புகார் வருது. நாளையிலிருந்து நீ சுனையில சருகு பொறுக்கு. குகைக்குள்ள வேண்டாம்."

"யாருக்குக் குத்துச்சு ஐயா?"

"மூணு பேருக்கு."

"இடப்பக்க வளைவுல யாரையாவது நிக்க வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சிலம்பாயி சுனைக்குப் போனாள். பூதத்தார் தலையாட்டினார், தேன் நினைப்பில் மறந்தும்போனார்.

மறுநாள் காலை பன்னிரண்டு புள்ளிமான்கள் வந்தன. அவற்றுள் பூவரி என்னும் தாய்மான் வாசலிலேயே தயங்கி நின்றாள். சென்ற ஆண்டுப் புயலில் மின்னல் தாக்கி விழுந்த மரத்தின் அடியில் அவளுடைய மூத்த குட்டி செத்துப்போனது. இளைய குட்டி இப்போது காலோடு ஒட்டி நின்றது. வாசலில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்க ஆளில்லை; அவள் மிரளும்போது முள்ளைக் குலுக்கி இடியை நிறுத்தவும் ஆளில்லை.

மான்கள் உள்ளே நடந்தன. காரி மார்பைப் புடைத்துக்கொண்டு தொடங்கினாள். முதலில் தொலைவில் ஓர் உறுமல். பிறகு கிட்டத்தில். குறுக்கே எந்தச் சலசலப்பும் வரவில்லை. ஆண்டுக்கணக்காக அடக்கிவைத்த இடியை அன்று முழுதாக இடித்தாள். பாறை அதிர்ந்தது. நிறுத்தச் சொல்லி ஒலி கேளாததால் மின்மினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பளிச்சிட்டன; குரங்குகள் நீரை அள்ளி அள்ளிக் கொட்டின.

"மரம் விழுது!" என்று பூவரி அலறினாள். "மரம் விழுது, ஓடுங்க!"

பன்னிரண்டும் சிதறி ஓடின. இடப்பக்க வளைவை நோக்கி ஓடின.

மேலிருந்த காரி மின்மினி வெளிச்சத்தில் அப்போதுதான் அதைக் கண்டாள். வளைவில், சிலம்பாயி வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் பின்னால், அடி தெரியாத ஒரு பிலம், பாதாளக் குழி, வாய் பிளந்திருந்தது. முள்ளுக்கு அஞ்சி ஒரு முழம் தள்ளி நடந்த விலங்குகள், தெரியாமலேயே அந்தப் பிலத்துக்கும் தள்ளியே நடந்திருந்தன. ஒருவரும் விழுந்ததில்லை, ஆதலால் பூதத்தாருக்கே அது நினைவில் இல்லை.

பூவரியின் குட்டி எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"நில்லு!" என்று காரி கரடிக் குரலில் கத்தினாள். கரடி துரத்துகிறது என்று மான்கள் இன்னும் வேகமாக ஓடின. மான் குரலில் கூப்பிட்டாள். பன்னிரண்டு அலறல்களுக்கு நடுவே அது பதின்மூன்றாவது அலறலாயிற்று. கற்ற குரல்களை எல்லாம் தேடினாள். நிற்கவைக்கும் குரல் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

ஒன்று இருந்தது. அவள் வெறுத்த ஒலி. நாள்தோறும் கேட்டுக் கேட்டு, விரும்பாமலேயே தொண்டையில் பதிந்துபோன ஒலி.

சலசல. சலசல.

மின்மினிகள் அடங்கின. நீர் நின்றது. வௌவால்கள் சிறகை மடக்கின. மான்கள் பழக்கத்தால் ஒரு முழம் பின்வாங்கி நின்றன. குட்டியின் முன்னங்குளம்பு தட்டிய கூழாங்கல் பிலத்துள் விழுந்தது. அது அடியைத் தொட்ட ஓசை வரவேயில்லை.

காரி மாடத்தைவிட்டு இறங்கி, தாழப் பறந்து, சலசலத்துக்கொண்டே முன்சென்றாள். இருட்டில் மான்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்வொலியைத் தொடர்ந்து வெளிச்சத்துக்கு வந்தன.

வந்ததும் பூவரி குட்டியை நக்கிக்கொண்டே, "சிலம்பாயி எங்கே? அவதான் எங்களைக் கூட்டியாந்தா" என்றாள்.

அப்போதும், அந்த நிலையிலும், காரிக்கு வயிறு எரிந்தது.

அலறல் கேட்டுச் சுனையிலிருந்து சிலம்பாயி இறங்கி வந்தாள். பூதத்தாரும் ஓடிவந்து, "நல்ல வேளை, நீ உள்ளே போயிருக்கே" என்றார்.

"நான் போகலையே" என்றாள் சிலம்பாயி. "சருகு பொறுக்கிக்கிட்டிருந்தேன். என் முள்ளுச் சத்தம் எனக்கே உள்ளேயிருந்து கேட்டுச்சு."

கீழ்மலையில் கதையை இங்கேயே முடித்து, கரிச்சான் வெட்கப்பட்டுப் பறந்துபோனாள் என்பார்கள். மேல்மலையில் சொல்வது இன்னும் சற்று நீளும்.

காரி எல்லார் முன்னும் வந்து ஒரு கல்லில் அமர்ந்தாள். வாய் திறந்தாள். "குத்துது ஐயா, குத்துது" என்று அந்த முயல் குரல் அவள் அலகிலிருந்து வந்தது. பிறகு கீரிக் குரல். பிறகு மான் குரல்.

பூதத்தாரின் முகம் கறுத்தது. கரடியாதலால் அது யாருக்கும் தெரியவில்லை. "இவளை என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்று சிலம்பாயியிடம் கேட்டார்.

சிலம்பாயி காரியை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"ரெண்டாவது சலசலப்பு கொஞ்சம் நீளம்" என்றாள். "குறைச்சுக்கோ. ஒரு மாசம் இடி வேண்டாம். என்கூட வாசல்ல நின்னு, வர்றவங்க கிட்ட என்ன ஏதுன்னு கேளு. அப்புறம் மாடத்துக்குப் போ."

மறுநாள் வாசலில் காரி நின்றாள். முதலில் வந்த கிழ முயலிடம், நெடுநேரம் தயங்கி, "என்ன முயலண்ணே, காது சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். குகைக்கு வந்த ஒருவரிடம் அவள் தன் சொந்தக் குரலில் பேசியது வாழ்நாளில் அதுவே முதன்முறை.

ஒருவர் செய்யும் வேலை தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர், தம்மையும் அந்த வேலையே காத்துவந்தது என்பதை அது இல்லாத நாளில்தான் அறிவார்.