செதுக்காமல் விட்ட வரி

வியட்நாம் மன்னரின் சரித்திரக் கூடத்தில் ஏடு அச்சிடும் மர எழுத்துப் பலகை செதுக்கும் அடிமையாக இருந்தார் ஜா மலங். தெற்கே போரில் அழிந்த சம்பா நாட்டுச் சைவர். விடியலில் ஆற்றில் முழுகி, கரையில் ஒரு கல்லை நிறுத்தி, இரு கை நீர் வார்த்த பிறகே உளியைத் தொடுவார். கல்லைக் குளிப்பாட்டுகிறான் பார் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கூடச் சிரித்துவிட்டு வேலைக்குப் போவார். அந்த நாட்டின் எழுத்தைச் செதுக்கிச் செதுக்கியே படிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்விதான் வினையாயிற்று. மன்னரின் சரித்திர ஏட்டில் சம்பாப் போர்ப் பகுதி செதுக்க வந்தது. கோயிலுக்குள் ஒளிந்தவர்களை மன்னரின் படை தீ வைத்துக் கொன்றதைப் பற்றி ஏட்டில் ஒரு சொல் இல்லை. ஜா மலங்கின் மனைவியும் மகளும் அந்தத் தீயில்தான் போனார்கள். பாவம், அதைக்கூடப் பொறுத்தார் அந்த மனிதர். அடுத்த வரியில் கை நின்றது. படை வருமுன்பே தெய்வம் கோயிலை விட்டுப் போய்விட்டது என்று எழுதியிருந்தது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா?

மற்ற வரிகளை முடித்து, அந்த வரியை மட்டும் தொடாமல் பலகையைக் கொடுத்தார். எழுத்தைச் சுற்றித் தோண்டினால்தான் எழுத்து தெரியும். தோண்டாத இடம் மை பிடித்துக் கறுப்பாக விழும். அச்சிட்டுப் பார்த்தபோது அரசரின் ஏட்டில் நடுப்பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. தலைமைச் சரித்திரக்காரர் பான் தியெப் அழைத்துக் கேட்டார்.

"சாமி போகலை ஐயா. என் மகள் அவரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத்தான் செத்தா. நான் பார்த்தேன்."

செதுக்கு, இல்லையேல் விரல் போகும் என்றார் பான் தியெப். ஜா மலங் வலக்கையை நீட்டினார். பிழைக்கத் தெரியாதவர் என்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, தோன்றும்போதே வெட்கமாகவும் இருக்கிறது. ஐந்து விரல்களையும் வெட்டிச் சிறையில் போட்டார்கள். மூன்றாம் நாள் புண் சீழ் பிடித்து உடம்பு கொதித்தது.

அன்று பகலில் வேறொரு தச்சர் அந்த வரியில் உளியை வைத்துத் தட்டினார். மூன்றாண்டு வெயிலில் காய்ந்த பலகை அது. வெட்டின வாயிலிருந்து குருதி பெருகியது. துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. தச்சர் உளியைப் போட்டுவிட்டு ஓடினார்.

பான் தியெப் சிறைக்கு ஓடிவந்து தரையில் விழுந்தார். நடந்ததைச் சொன்னார். பிறகு கேட்டார்.

"இல்லாத சாமிக்கு ரத்தம் வருமாய்யா?"

ஜா மலங் அதுவரை தம் கைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவரில்லை. இப்போது குழந்தைபோல விம்மினார்.

"ஐயோ, அவருக்கு வலிச்சிருக்குமே. என் விரலோட போகட்டும்னுதானே கையை நீட்டினேன். இனிமே அவர் மேல யாரும் உளி வைக்காதீங்க ஐயா."

வைக்க மாட்டோம் என்று பான் தியெப் அவர் காலைத் தொட்டுச் சொன்னார். அதைக் கேட்ட பிறகே அவர் மூச்சு அடங்கியது. அவர் போன அந்த நாழிகையில் பலகையில் குருதியும் நின்றது என்பார்கள். அரசரிடம் ஏடு கறுப்புப் பட்டையோடே போனது. அதற்காகப் பான் தியெப் பதவியை இழந்தார்.

தன்னைத் தாங்கிய அடியாருக்காக ஈசன் மரத்திலும் குருதி சிந்தினான். விரலைக் கொடுத்து அவன் பெயரைக் காத்த ஜா மலங்கின் திருவடிகளை நாம் தலைமேல் வைத்துக்கொள்வோம்.