தொண்டை செருமுன இன்ஜின்

படு. காலைத் தூக்கி என் மேல போடாதே, கட்டை மாதிரி கனக்குது. கதை வேணும்னா ம் போடணும், தெரியும்ல மருமவனே? நீ ம் போட்டாத்தான் அத்தைக்குக் கதை வரும். உன் ம் நின்னா என் கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு இன்ஜின் இருந்துச்சாம்.

ராஜாவா? எப்பப் பாரு உனக்கு ராஜாதான். ராஜாவுக்குக் கடக்கரையில என்ன சோலி? இன்ஜின்தான். கஸ்பார்னு ஒருத்தரோட சின்ன வள்ளத்துல, பலகைக்கு அடியில, வயித்துக்குள்ள உக்காந்திருக்கிற இன்ஜின். கஸ்பார் நண்டு வலை போடுறவரு. தனியாத்தான் போவாரு, தனியாத்தான் வருவாரு. மத்த வள்ளமெல்லாம் டுப்டுப்டுப்னு ஒரே மாதிரி ஓடும். இவரு இன்ஜின் எப்படித் தெரியுமா? டுக்கு டுக்கு டுக்கு... க்கும்! டுக்கு டுக்கு டுக்கு... க்கும்! கூட்டத்துல பேச எந்திரிக்கிற பெரிய மனுசன் மாதிரி நடுவுல நடுவுல தொண்டையைச் செருமிக்கும். சிரிக்காதே, தூக்கம் கலைஞ்சிரும்.

ம்.

கஸ்பாரோட பொண்டாட்டி செசிலி. பிள்ளை குட்டி கிடையாது, ரெண்டே பேருதான். சாயங்காலம் அந்த க்கும் காதுல விழுந்ததும் செசிலி அடுப்புல வெந்நிப் பானையை ஏத்துவா. உப்புத் தண்ணியில ஊறுன உடம்பு பாரு, வெந்நி ஊத்துனாத்தான் அரிப்பு அடங்கும். அவரு நங்கூரம் போட்டு, வலையைச் சுருட்டி, நண்டை ஏலத்துல விட்டுட்டு வந்து சேர்றதுக்கும் வெந்நி பதமாகுறதுக்கும் சரியா இருக்கும். வாசல்ல நின்னுக்கிட்டு, "உங்களுக்கு முந்தி உங்க இன்ஜின் வீட்டுக்கு வந்துருச்சு"ன்னு சொல்லிச் சிரிப்பா. தினம் இதே பேச்சு. தினம் இவரும் சிரிப்பாரு.

அப்புறம் ஒரு மழைக்காலத்துல செசிலிக்குக் காய்ச்சல் வந்துச்சு. அனலா அடிச்ச காய்ச்சல், இறங்கவே இல்லை. போயிட்டா. கடலைப் பாத்த கல்லறைத் தோட்டத்துல கொண்டுபோய் வச்சாங்க.

ம்...

பக்கத்து வீட்டுல தெக்லான்னு ஒருத்தி. நடுவுல ஒரே செவருதான். அவ கஞ்சி கொண்டாந்தா. "பசிக்கலை"ன்னு அனுப்பிட்டாரு. மறுநாள் சோறு கொண்டாந்தா. "வேண்டாம்"னுட்டாரு. அதுக்கு மறுநாள் நண்டுக் குழம்பு கொண்டாந்தா. இவரு கதவையே திறக்கலை. மூணு தரம் திருப்பி அனுப்புனா யாருக்குத்தான் ரோசம் வராது? தெக்லா பேச்சை நிறுத்திட்டா. அப்போயிருந்து செவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும், பேச்சுச் சத்தம் கேக்கும். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கிடையாது. சாயங்காலம் வருவாரு, வாசல்ல கொஞ்ச நேரம் சும்மா நிப்பாரு. அப்புறம் உள்ள போயி பச்சத் தண்ணியை அள்ளித் தலையில ஊத்திக்கிடுவாரு. வீடு அவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு அவருக்கு அதுக்கு முன்னாடி தெரியவே தெரியாது.

அவருக்குன்னு மிச்சமா இருந்தது அந்த இன்ஜின்தான். கடல்ல அதுகூடத்தான் பேசுவாரு. "இன்னைக்குக் காத்து சரியில்லைப்பா"ம்பாரு. டுக்கு டுக்கு டுக்கு... க்கும்! "நீயும் அதைத்தான் சொல்லுதியா?"ம்பாரு.

அதுக்கும் வயசாயிருச்சுல்ல? ஒருநாள் கரைக்குக் கிட்ட வந்து, புஸ்ஸ்ஸ்னு நின்னுருச்சு. அப்போ அவரு தண்டு, அதான் துடுப்பு, போட்டுத் தள்ளிக் கரை சேத்தாரு. ஞானராஜுன்னு மெக்கானிக்கு, திறந்து பாத்தான். "மாமா, இது போதும். புதுசா ஒண்ணு மாத்திருங்க"ன்னான். "மாத்துறதுக்கு உன்னைக் கூப்பிடலை, சரி பண்ணு"ன்னாரு இவரு. ஒரு பைப்பை மாத்துனான். ஓடுச்சு.

ம்.

அப்புறம் ரெண்டாவது தரம். கொர்ர் கொர்ர்னு உறுமி, கரேர்னு புகையைக் கக்கி, படார்னு நின்னுச்சு. இன்னொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. ஞானராஜு இன்ஜினை முழுசா அக்குவேறு ஆணிவேறா கழட்டிப் போட்டுட்டுத் தலையைச் சொறிஞ்சான். "மாமா, உள்ள எல்லாமே தேஞ்சிருக்கு. நீங்க கேக்க மாட்டீங்க. சரி, தேஞ்சதை எல்லாம் மாத்தித் தாரேன், ஓடும். ஆனா அந்த க்கும் வராது."

கஸ்பார் குனிஞ்சு உள்ள பாத்தாரு. "ஏன் வராது?"

"அந்த க்கும்தான் மாமா நோவே! அங்கதான் இடிக்குது."

"அப்போ அதை மட்டும் தொடாதே. மத்ததைப் பாரு."

"எந்த டாக்டர்கிட்டயாவது போயி, நோவை விட்டுட்டு மத்ததுக்கு மருந்து குடுன்னு கேப்பீங்களா?"

"நான் டாக்டர்கிட்ட வரலை, உங்கிட்டதான் வந்திருக்கேன்"னுட்டாரு. அவன் என்ன செய்வான், பாவம்? நோவை உள்ளயே வச்சு மூடிட்டான்.

அது என்ன பிடிவாதம்னு கேக்குறியா? யார்கிட்டயும் சொல்லாத நினைப்பு ஒண்ணு அவருக்குள்ள இருந்துச்சு. கல்லறைத் தோட்டத்துக்கு முன்னாலதான் தினம் வள்ளம் வரும். அந்த க்கும் செசிலிக்குக் கேக்கும்னு நம்புனாரு. புது சத்தம் வந்தா அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ எவரோன்னுல்ல திரும்பிப் படுத்துக்கிடுவா? அவ்வளவுதான் விசயம். வெளிய சொன்னா சிரிப்பாங்க. நீ சிரிக்கலைல்ல?

ம்ம்.

அப்புறம் மூணாவது தரம். நல்ல வெயிலு, கடல் எண்ணெய் மாதிரி கிடக்குது. வலை இழுத்து முடிச்சிட்டு வீட்டைப் பாத்துத் திருப்புனாரு. டுக்கு டுக்கு டுக்கு... க்கும். டுக்கு டுக்கு... க்கும். டுக்கு... டணார்! உள்ள ஏதோ ஒடஞ்சே போச்சு. அந்த க்கும் இடிக்கிற அதே இடந்தான்.

கைப்பிடியைப் போட்டுச் சுத்துனாரு. நகரலை. பலத்தைக் கூட்டிச் சுத்துனாரு. நகரலை. மாதாவே மாதாவேன்னு சுத்துனாரு. ம்ஹும். அப்போ கையில போன் எல்லாம் யாரும் வச்சிருக்கலை. தண்டு போடலாம்னா நீவாடு உள்ள இழுக்குது. நீவாடுன்னா கடலுக்குள்ளேயே ஓடுற தண்ணி, ஆறு மாதிரி. நங்கூரத்துக்குத் தரை எட்டலை. கரை சின்னதாயிக்கிட்டே போச்சு. கோயில் கோபுரம் விரல் மாதிரி ஆச்சு. அப்புறம் அதுவும் இல்லை.

"ஏ, ஏதாவது சொல்லு"ன்னு இன்ஜினைத் தட்டுனாரு. அது கம்முனு கிடந்துச்சு. சளக்... சளக்னு தண்ணி மட்டும் பலகையில தட்டுது. அன்னைக்குத்தான் அவருக்கு உறைச்சுச்சு. இத்தனை நாளும் நாமதான் கேட்டோம், நாமதான் பதிலும் சொல்லிக்கிட்டோம்னு. தான் ஒத்தையாளுன்னு அவரு அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதாரு. செசிலி போன அன்னைக்குக்கூட அழாத மனுசன். அழுது என்ன? வராட்டி யாரு தேடப் போறா? வெந்நிப் பானையா தேடும்?

ம்...

பயப்படாதே. பொழுது சாயுற நேரத்துல, டுப்டுப்டுப்னு ஒரு சத்தம். பாத்தா ஒரு வள்ளம். அதுல தெக்லாவோட புருசன் லாசர், "அண்ணே! அண்ணே!"ன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டு வாரான்.

கஸ்பாருக்கு நம்பவே முடியலை. "நான் இங்க கிடக்குறது உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெக்லாதான். எல்லா வள்ளமும் வந்துருச்சு, அந்தச் செருமல் மட்டும் வரலைன்னு என்னை உக்கார விடலை. நானும் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு தேடிட்டுத்தான் வாரேன்."

கரையில தெக்லா நிக்குறா, இடுப்புல கையை வச்சுக்கிட்டு. எத்தனையோ நாளைக்கு அப்புறம் பேசுறா. என்ன பேசுறா? திட்டுறா. "உங்க சத்தம் கேட்டுத்தான் அண்ணே நான் உலை வைக்கேன்! செசிலி அக்கா இருந்த காலத்துலயிருந்து அப்படித்தான். அவ வெந்நிக்கு அடுப்பு மூட்டுவா, நான் சோத்துக்கு மூட்டுவேன். இன்னைக்கு எங்க வீட்டுல இன்னும் உலை ஏறலை, தெரியுமா?" சொல்லிட்டு மூக்கைச் சிந்திக்கிட்டுப் போயிட்டா.

கஸ்பார் மண்ணுல அப்படியே உக்காந்துட்டாரு. செசிலிக்கு மட்டும்தான் கேக்குதுன்னுல்ல அவரு இருந்தாரு!

விடிஞ்சதும் ஞானராஜுகிட்டப் போனாரு. "புதுசே வச்சிரு."

"என்ன மாமா, திடீர்னு?"

"நான் வராட்டி தெக்லா வீட்டுல சோறு பொங்காதாம்"னாரு. அவன் ஒண்ணும் புரியாம முழிச்சான். பழைய இன்ஜினை அவரு காய்லாங்கடைக்குப் போடலை. வீட்டுக்குப் பின்னால செவரோரமா வச்சு, குளிருமேன்னு ஒரு சாக்கைப் போத்திவிட்டாரு. இன்ஜினுக்குக் குளிருமான்னு கேளேன்?

மருமவனே?

ம் எங்க?

தூங்கிட்டான். ம் நின்னா கதை நின்னுரும்னு சொன்னேன். ஆனா அந்த மனுசனை வீடு சேக்காம நான் மட்டும் எப்படிப் படுக்க? மெதுவாச் சொல்லுதேன்.

அப்புறம் புது இன்ஜினோட முத நாள். ட்ரர்ர்ர்ர்னு வழுவழுன்னு ஓடுச்சு, நல்லா ஓடுச்சு. அவருக்கு அது யாரோ மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் திரும்பி வாராரு. கரையில தெக்லா கருவாடு அள்ளிக்கிட்டு இருக்கா, நிமிந்து பாக்கலை. ஒருத்தரும் பாக்கலை. யாருக்குத் தெரியும் அது கஸ்பார்னு? தன் ஊருக்கே விருந்தாளி மாதிரி வந்து சேந்தா எப்படி இருக்கும்?

வள்ளத்தைக் கரைக்கு விடலை. கல்லறைத் தோட்டத்துக்கு நேரா கொண்டுபோனாரு. ட்ரர்ர்ர்னு ஒரு தரம் அந்தக் கோடிக்குப் போனாரு. ட்ரர்ர்ர்னு திரும்பி வந்தாரு. மூணாவது தரம் நடுவுல வேகத்தைக் குறைச்சு, எந்திரிச்சு நின்னு, "செசிலி, இதுதான். இனிமே இப்படித்தான் கேக்கும். நான்தான்"னாரு. அப்போ அவரு என்ன செஞ்சாருன்னா, நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து, ஊருக்கே கேக்குற மாதிரி, தன் தொண்டையாலேயே,

க்கும்!

கரையில தெக்லா வெடுக்குனு நிமிந்தா. கருவாட்டைப் போட்டது போட்டபடி வீட்டைப் பாத்து ஓடுனா.

கஸ்பார் நங்கூரம் போட்டு, வலையைச் சுருட்டி, நண்டைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தாரு. வாசல்ல யாரும் இல்லை. வீடு அதே வீடுதான், இருட்டு அதே இருட்டுதான். ஆனா அன்னைக்குப் பச்சத் தண்ணியை அள்ளலை. செசிலியோட பானையைத் தேடி எடுத்து, தூசியைக் கழுவி, தானே அடுப்பு மூட்டி வெந்நி வச்சாரு. புகை கண்ணைக் கரிச்சுச்சு. செவருக்கு அந்தப் பக்கம் உலைமூடி தடதடன்னு ஆடுற சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தாரு. அப்புறம், கூச்சத்தோட, மெல்லமா,

"க்கும்"னாரு.

செவருக்கு அந்தப் பக்கத்துலயிருந்து தெக்லா சொன்னா,

"ம்."

கதை கரை ஏறியாச்சு, வள்ளத்தைக் கட்டியாச்சு. தூங்கு மருமவனே, தூங்கு.