முதலாளி கையில் எந்த போன்?

தென்காசியில் ஒரு செல்போன் கடை. அங்கே வேலை பார்த்த இசக்கியம்மாளின் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

கம்மலை விற்று மகனுக்கு போன் வாங்க வந்த தையல்காரி ரஹிமா, போன வருஷ மாடலையும் இந்த வருஷ மாடலையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன; புதுசுக்கு விலை மட்டும் அதிகம்.

"பழசை வித்தேன்னா, நாளைக்கு வராதே" என்று முதலாளி சடகோபன் இசக்கியின் காதில் உறுமினார்.

"எதும்மா நல்லது?" என்றாள் ரஹிமா.

"எனக்கு என்னக்கா தெரியும்? முதலாளி வச்சிருக்கிறதையே வாங்குங்க. அவருக்குத் தெரியாததா?"

சடகோபன் பெருமையாகத் தன் போனை எடுத்து நீட்டினார். அது போன வருஷ மாடல். கடையே சிரித்தது. ரஹிமா அந்த மாடலையே வாங்கிப் போனாள்.

மறுநாள் இசக்கியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். முதலாளியின் சட்டைப் பையில் புது மாடல் எட்டிப் பார்த்தது.